ரோலரில் சுற்றிய ஆட்டுத்தோல்

என் முன்கோபக்கார ராஜாத்தி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உன் டைப்ரைட்டரில் கைவைத்துவிட்டோம். முதலில் அதற்குத் திட்டித் தீர்த்துவிடு, மீதியைப் பிறகு சொல்கிறேன்.

உன் மகள் கலா டைப்பிங் லோயர் பரீட்சைக்குப் படிக்கிறாள். இன்ஸ்டிடியூட்டில் கொஞ்ச நேரம், மற்றபடி வீட்டில் உன் போர்ட்டபிள்தான். போன மாதம் அழுதுகொண்டே வந்தாள். இன்ஸ்டிடியூட்டில் அடித்த தாளில் ஆங்கில ஓ எழுத்து விழுந்த இடமெல்லாம் பொத்தல். இப்படி அடித்தால் ஃபெயில்தான் என்றாராம் மாஸ்டர்.

மூடியைப் போட்டால் கைப்பெட்டிதானே, லாங் பஜாருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரிப்பேர் பார்க்கும் அன்வர் பாய் காகிதம் சுற்றும் ரோலரைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“இன்னாம்மா இது, ரோலருக்குச் சட்டை போட்டு வெச்சிருக்கீங்க?”

நீ ஒட்டிய ஆட்டுத்தோல். கலா கைக்குழந்தையாக இருந்தபோது சத்தத்தில் விழித்துக்கொள்கிறாள் என்று, மாமாவை அவர் வேலை பார்க்கும் ஆம்பூர் தோல் ஷாப்பிலிருந்து மெல்லிய துண்டு கொண்டுவரச் சொன்னாய். தோலில் சோறு தின்கிற வீட்டுக்குத்தான் இப்படி யோசனை வரும்.

“தோலு மெத்துன்னு இருக்குது. எழுத்து பதியறதுக்குப் பாப்பா ஜாஸ்தி அழுத்துது. அதே அடி அங்க அடிச்சா பேப்பர் இன்னா ஆவும்? உரிச்சிட்டு புது ரப்பர் போட்டுடலாம்” என்றார் பாய்.

நான் ரோலரைத் தடவிப் பார்த்தேன் அக்கா. அந்தத் தோல் முழுக்க நீ அடித்த எழுத்துகள், ஒன்றின்மேல் ஒன்றாக, படிக்கவே முடியாமல். உன் கை பட்டதென்று வீட்டில் வேறென்ன மிச்சம்? புடவைகளைக்கூட மாமா கொடுத்துவிட்டார். கலாதான், “எடுத்துடுங்க பாய்” என்றாள்.

பாய் பதமாகத்தான் உரித்தார். பசையோடு துண்டு துண்டாகவே வந்தது. கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். எழுத்துக் கம்பிகளைப் பெட்ரோலில் கழுவி, மெட்ராஸிலிருந்து ரப்பர் வரவழைத்துப் போட்டுக் கொடுத்தார்.

நேற்று கலா வீட்டில் அடித்தாள். கூடம் அதிர்ந்தது. இரண்டு வரியில் நிறுத்திவிட்டாள்.

“அம்மா அடிக்கிற மாதிரியே இல்ல சித்தி.”

அம்மா தோல் ஒட்டிச் சத்தமில்லாமல் அடித்தது, கைக்குழந்தையாக இருந்த நீ தூங்கத்தான் என்றேன். அவளுக்கு அது தெரியாதாம். இத்தனை வருஷத்தில் நீ ஒரு தடவைகூடவா சொல்லவில்லை? வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு தாளைச் சொருகி, அழுத்தத்தைக் குறைத்து அடித்தாள்; சத்தம் மட்டும் குறையவில்லை. பக்கம் முடிந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒரு பொத்தல் இல்லை.

பரீட்சை முடிகிறவரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அக்கம்பக்கத்தார் வந்து கத்தினாலும், மெதுவாக அடி என்று அவளிடம் சொல்ல மாட்டேன். உன் மகள் அடிக்கிறாள் என்று தெருவுக்கே கேட்கட்டும்.

உன் தங்கையும் கலாவின் சித்தியுமான
கௌரி