மூன்று சக்கரத்தில் நின்ற கார்

நேற்று காலை எதிர்வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து தன் பைக் டேங்குக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். தின்னர் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. முப்பது வருடம் பெயின்ட் வேலையிலேயே கிடந்தவனுக்கு அதெல்லாம் ஒரு வாசனையே இல்லை. ஆனால் நேற்று கையிலிருந்த காபியை என்னால் குடிக்க முடியவில்லை. உன்னை அடக்கம் செய்து இருபது நாள்தான் ஆகிறது. இருந்தபோது உன்னிடம் சொல்லாமல் விட்டதை எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

1991. நம் இருவருக்கும் இருபத்தாறு, இருபத்தேழு வயது. நீ ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில் மரத்தில் அச்சு செதுக்கிக்கொண்டிருந்தாய். அந்த அச்சை மண்ணில் பதித்துத்தான் இரும்பை ஊற்றுவார்கள். மரம் ஒரு நூல் பிசகினால் இரும்பும் பிசகும். நான் லாரிகளுக்கு நம்பரும் பெயரும் எழுதிக்கொண்டிருந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயம் என்றால் நாம் இருவரும் கம்பி வேலி ஓரம் போய் நிற்போம். பார்த்த கார்களை மணிமங்கலத்தில் உன் வீட்டுப் பின்கட்டில் வைத்துச் சின்னதாகச் செய்வோம். உடம்பு தேக்கு, சட்டம் பித்தளைக் கம்பி, சக்கரம் லேத்தில் கடைந்த அலுமினியம். நீ செய்து கொடுப்பாய், நான் வண்ணம் ஏற்றி நம்பர் எழுதுவேன். "கண்ணால பாத்து செஞ்சா பொம்மை. அளந்து செஞ்சா அதுவும் வண்டிதான்" என்பாய்.

அப்படிச் செய்த ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் மோகன் சார் நம்மைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார் ஓட்டுகிறவர். தடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகர ஷெட்டில் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். "என் வண்டியை இதே மாதிரி செஞ்சு தர முடியுமா? எங்க அப்பாவுக்கு. நான் ஓட்டறதைப் பார்க்க ஒரு தடவைகூட அவர் வந்ததில்லை. வண்டியாவது அவர் மேஜை மேல இருக்கட்டும்" என்றார். அதைச் சொல்லும்போது நம் முகத்தைப் பார்க்காமல் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியை அளந்தோம். நூல், தூக்குக்குண்டு, இரும்பு ஸ்கேல். நீ தரையில் மல்லாந்து படுத்து அளவு சொல்வாய், நான் நோட்டில் எழுதுவேன். எட்டில் ஒரு பங்கு அளவில் வேலையைத் தொடங்கினாய். சட்டத்தைப் பற்றவைத்து, சக்கரம் மாட்டி, கண்ணாடிப் பலகை மேல் வைத்த அன்று முதல் சத்தம் கேட்டது. விரலால் ஒரு மூலையை அழுத்தினாய். டக். விட்டாய். டக். வலது பின்சக்கரம் கண்ணாடியைத் தொடவில்லை. அதன் அடியில் ஒரு தபால் கார்டு தாராளமாக நுழைந்தது.

"என் தப்புதான்" என்று பிரித்துவிட்டு மறுபடி செய்தாய். மறுபடியும் அதே மூலை, அதே டக். மூன்றாவது தடவை மறுபடி ஷெட்டுக்குப் போய்ப் புதிதாக அளந்து வந்து செய்தாய். மூன்று சக்கரத்தில்தான் நின்றது. அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. பலகைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் மெதுவாகச் சொன்னாய்.

"தப்பு நம்ப மேல இல்லடா. அந்த வண்டியே கோணலா கீது."

"வண்டி நாலு சக்கரத்துல தானே நிக்குது?"

"அதுல ஸ்பிரிங் கீது, அமுக்கி மறைச்சிடுது. நம்ப பொம்மைல ஸ்பிரிங் இல்ல. இதுல ஒரு மில்லின்னா அதுல எட்டு மில்லி. எங்கியோ இடிச்சிருக்காங்க, சூடு பண்ணி நிமித்தியிருக்காங்க. முழுசா நிமிரல. வேகத்துல திரும்பறப்ப அந்த இடத்துலதான் விடும்."

பின்கட்டில் காற்றே இல்லை. என் கழுத்தில் வியர்வை இறங்கியது நினைவிருக்கிறது. நான் வேறு ஒன்றையும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னக் காருக்குப் பதினோரு நாள் வண்ணம் ஏற்றியிருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக எதுவும் செய்ததில்லை. அடுத்த வருடம் முழுக்கத் தன் நிஜ வண்டிக்கு நான்தான் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று மோகன் சார் வேறு சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை உனக்குப் பகல் ஷிப்ட். காரையும் கண்ணாடிப் பலகையையும் என் கையில் கொடுத்தாய். "பலகை மேல வச்சு அவரு எதிர்லியே அமுக்கிக் காட்டு. வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. சத்தம் கேட்டா நம்புவாங்க" என்றாய்.

வழியில் படப்பையில் பஸ் மாற நின்றபோது ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். பையில் பித்தளைத் தகட்டுத் துண்டு இருந்தது. வலது பின்சக்கர அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் அதைச் செருகினேன். ஒரு நிமிட வேலை. கார் நேராக நின்றது. கொடுக்கும்போது அழகாக இருக்கட்டும், சொல்ல வேண்டியதை வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பலகையைப் பையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.

மோகன் சார் காரைத் தகர மேஜை மேல் வைத்தார். நான் எழுதிய நம்பரை விரலால் தடவினார். "அப்பா இதைப் பார்த்தா..." என்று தொடங்கி முடிக்கவில்லை. சாயங்காலமே வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுகிறேன் என்றார். அப்போதுதான் நான் சொன்னேன்: "சார், வலது பக்கம் பின்னாடி ஒரு தடவை பாத்துடுங்க. அளவு கொஞ்சம் வித்தியாசமா இருந்துச்சு."

அவருடைய மெக்கானிக் தாஸ் அங்கே நின்றிருந்தார். "போன ரேஸ்ல இடிச்சப்ப நான்தான் நிமித்தினேன். எனக்குத் தெரியாதா?" என்றபடி குனிந்து மேஜையைப் பார்த்தார். "அளவு எடுத்துதானே செஞ்ச? உன் பொம்மை நேராத்தானே நிக்குது."

மோகன் சார் என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்வேன் என்று காத்திருந்தார் என்றே இன்றும் நினைக்கிறேன். நான் பேசாமல் நின்றேன். அவர் சிரித்துவிட்டுத் தலைக்கவசத்தை எடுத்தார்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் நீ கேட்டாய். "சொன்னியா?"

"சொன்னேன்."

"சத்தம் கேட்டாரா?"

"ம். பாத்துக்கறேன்னாரு."

நீ மூச்சு விட்டாய். அந்த மூச்சு எனக்கு இன்னும் கேட்கிறது.

சனிக்கிழமை முற்பகல் பயிற்சி ஓட்டம். வேலியோரம் நின்றோம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது, மழை மட்டும் இறங்கவில்லை. முதல் சுற்றில் வண்டி நம்மைக் கடந்ததும் நீ வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாய். "அவங்க பாக்கலடா. திரும்பறப்ப அந்தச் சக்கரம் உதறுது, பாரு." நான் பார்த்தேன். உதறியது. நீ வாசலை நோக்கி ஓடினாய். காவலாளி உன்னை மறித்தார். "அந்த வண்டிய நிறுத்தச் சொல்லுங்க, அந்த வண்டிய நிறுத்தச் சொல்லுங்க" என்று நீ அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினாய். நான் வேலியை விட்டு நகரவில்லை. மூன்றாவது சுற்றில், தூரத்து வளைவில், இன்ஜின் சத்தம் உயர்ந்து சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு வந்த சத்தத்தை எழுத மாட்டேன். உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மோகன் சார் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய அப்பா மணிமங்கலத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் துணி சுற்றிய கார். அதைப் பின்கட்டில் நம் பலகை மேல் வைத்தார். அது நேராக நின்றது.

"நீங்கதான் வண்டியை அளந்தீங்களாம். அது முன்னாடியே கோணலா இருந்ததுன்னு சிலர் சொல்றாங்க. யார் மேலயும் புகார் கொடுக்க வரலை. ஒண்ணு மட்டும் தெரியணும். அது என் பையனுக்குத் தெரியுமா? தெரிஞ்சேதான் ஓட்டினானா?"

நீ காரைக் கையில் எடுத்துத் திருப்பினாய். பித்தளைத் தகடு உன் கண்ணில் பட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். ஒரே பார்வை. பிறகு அவரிடம் திரும்பினாய்.

"தெரியாதுங்க அய்யா. அவருக்குத் தெரியாது. நான் நேர்ல வந்து சொல்லியிருக்கணும், வரல. தப்பு என்னுது."

பெரியவர் வெகுநேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். "அவனை அவசரக்காரன், அவசரக்காரன்னே சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார். காரைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். என் மேல் வந்திருக்க வேண்டிய பழியை நீ ஏற்றுக்கொண்டதை நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

நாம் பிரியவில்லை. அதுதான் எனக்கு விளங்காதது. என் கல்யாணத்துக்கு வந்தாய், என் மகளுக்குப் பெயர் வைத்தாய். நான் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் பெயின்ட் ஆய்வாளரானபோது வீடு தேடி வந்து கைகொடுத்தாய். கார்களும் செய்தோம். ஆனால் அதற்குப் பிறகு முடித்த ஒவ்வொன்றையும் நீயே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாய். நான் எழுந்தால், "நீ இரு, நான் போறேன்" என்பாய். குரலில் குத்தல் இருக்காது. தொழிற்சாலையில் ஒரு குறையைக் கண்டுபிடித்தால் எதிரில் இருப்பவர் தன் வாயால் அதைத் திருப்பிச் சொல்லும்வரை நான் நகர மாட்டேன். என்னைக் கண்டிப்பானவன் என்றார்கள். யாரும் காரணம் கேட்டதில்லை.

பதினாறாம் நாள் உன் மனைவியைப் பார்க்கப் போனேன். டீ கொடுத்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துச் சொன்னார். "உங்களுக்குள்ள இன்னா நடந்துச்சுன்னு ஒருவாட்டி கேட்டேங்க. 'அவன் ஒரு நாள் வந்து சொல்லுவான். அதுவரைக்கும் நான் கேக்கக் கூடாது'ன்னாரு. அவ்ளோதான்."

எத்தனை சாயங்காலம் உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். நீ உப்புத்தாள் தேய்த்துக்கொண்டே காத்திருந்திருக்கிறாய்.

அந்தத் தகர ஷெட்டில் நான் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான்: "சார், இதை நான்தான் நிமித்தி வச்சிருக்கேன். உங்க வண்டி கோணல். ஓட்டாதீங்க." மூச்சு விடும் நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம். அன்றைக்கு அவரிடமும் சொல்லவில்லை, பிறகு உன்னிடமும் சொல்லவில்லை. இப்போது தினமும் ஒரு தடவை, யாரும் இல்லாதபோது, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். சரளமாக வருகிறது.