ஹோரிதா வீட்டு விருந்தாளி

சியாங்மாய்
9 டிசம்பர் 2001

அன்புள்ள அம்மாவுக்கு,

அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் முதலில் அணைத்துவிட்டு வந்து படி. நாங்கள் ஜப்பானுக்கு வருகிறோம்! பிப்ரவரியில் என் கணவர் தனவத்துக்கு விடுப்புக் கிடைத்துவிட்டது. அவருக்குக் கியோத்தோவில் கோயில்களைப் பார்க்க வேண்டுமாம். எனக்கு ஜப்பான் என்றால் தகாஒகாதான், உன் வீடுதான். பதினேழு வயதில் வெளிநாட்டு மாணவியாகப் படிக்க வந்து, ஓராண்டு உன் வீட்டில் தங்கி உன் கையால் சாப்பிட்டுவிட்டுப் போனவள், புருஷன் பிள்ளையோடு வந்து நிற்கப் போகிறேன்.

கவலையெல்லாம் ப்ளோயைப் பற்றித்தான். இரண்டரை வயதாகியும் இன்னும் படுக்கையை நனைக்கிறாள். பகலிலும் நான் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. உன் வீட்டுப் பாய்த் தரை என்ன பாடு படப்போகிறதோ. "அடுத்தவங்க வீட்ல போய் நம்ம மானத்த வாங்கப் போறா உன் பொண்ணு" என்று என் மாமியார் தினமும் ஓதுகிறார். பயப்படாதே, ரப்பர் விரிப்பு இரண்டு எடுத்து வருகிறேன்.

மாடியில் என் அறை காலியாகத்தானே இருக்கிறது? அப்பா இப்போதும் பேஸ்பால் பார்த்தபடியே தூங்கிப்போகிறாரா?

உன் மகள்,
பிம்


தகாஒகா
24 டிசம்பர் 2001

மதிப்பிற்குரிய பிம்சிரி அவர்களுக்கு,

இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது. உங்கள் குடும்பத்தினர் அனைவரும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் கண்டு நாங்கள் இருவரும் மிகவும் மகிழ்ந்தோம்.

எங்கள் வீடு பழையது, குளிர் அதிகம். குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது. எனவே ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள விடுதியில் உங்களுக்கு ஓர் அறை ஏற்பாடு செய்திருக்கிறேன். வெந்நீர்த் தொட்டி பெரியது, உணவும் நன்றாக இருக்கும் என்கிறார்கள். உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் மறுநாள் மதிய உணவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சிறப்பிக்க வேண்டும். தயவுசெய்து பரிசுகள் எதுவும் கொண்டுவர வேண்டாம்.

உங்கள் கணவருக்கு என் வணக்கங்கள்.

ஹோரிதா சாயோகோ


சியாங்மாய்
8 ஜனவரி 2002

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்தேன். யாரோ வங்கி மேலாளர் எழுதியது போல இருந்தது. "நீங்கள்" என்றால் நாம் மூன்று பேர் அல்லவா, அதனால்தான் அப்படி எழுதியிருப்பார் என்று தனவத் சமாதானம் சொல்கிறார். அவருக்கு ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது.

எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வேண்டாமென்று முகத்தைத் திருப்பினேன். "கழுதை, வாயத் தொற. நீ செத்துட்டா உங்கம்மாவுக்கு நான்ல பதில் சொல்லணும்" என்று என் மூக்கைப் பிடித்து ஊட்டினாயே, அந்த அம்மா எங்கே போனாள்? வந்து "சிறப்பிக்க" நான் என்ன மந்திரியா?

நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா? நடுவில் இரண்டு வருடம் சரியாகக் கடிதம் போடவில்லை, அதுவா? இல்லை, ப்ளோயைப் பற்றி அப்படி விலாவாரியாக எழுதியிருக்கக் கூடாதோ? நினைத்து நினைத்துத் தூக்கம் போகிறது. போகட்டும், விடுதி நல்லதுதான். உன் பாயாவது நனையாமல் இருக்கும். பிப்ரவரி பத்தாம் தேதி மாலை வண்டியில் வருகிறோம்.

பிம்


கியோத்தோ
12 பிப்ரவரி 2002

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்றுச் சாப்பாட்டுக்கு நன்றி. முள்ளங்கி போட்ட மீன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார் தனவத். எங்கள் வீட்டில்கூட அவர் அப்படிக் கேட்டதில்லை.

நடைமேடையில் நான் கட்டிக்கொள்ள ஓடிவந்தேன், நீ குனிந்து வணங்கினாய். என் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, அம்மா. வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்த்த பிறகு அதுவும் மறந்துவிட்டது. பக்கவாதம் வந்ததை ஏன் எனக்கு எழுதவில்லை? வலக்கை மடியில் கிடக்க, இடக்கையில் கரண்டியோடு அவர் போராடிக்கொண்டிருந்தார். ஆனால் அவர்தான், வாய் கோணினாலும், "பிம், குண்டாயிட்டடீ" என்றார். தகாஒகாவில் என்னிடம் ஒருமையில் பேசிய ஒரே ஆள்.

அப்புறம் அந்த மெத்தை. நீ அடுப்படியில் இருந்தாய். அப்பா மடியில் ப்ளோய் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பயந்தபடியே ஆகிவிட்டது. டயப்பர் கசிந்து அப்பாவின் கால்சட்டை, மெத்தை எல்லாம் நனைந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் குழந்தை மிரண்டு அழுததுதான் மிச்சம். "பரவாயில்லைங்க, நீங்க உக்காருங்க" என்று நீ அவளைத் தூக்கிக்கொண்டு போய் மாற்றினாய். மன்னித்துவிடு. அதன்பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை, அதனால்தான் சீக்கிரம் கிளம்பினோம். மாடிப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தேன். ஏறாமலே செருப்பை மாட்டிக்கொண்டேன்.

பதினேழாம் தேதி ஒசாகாவில் விமானம். அதுவரை உறையில் எழுதியுள்ள விடுதி முகவரியில்தான் இருப்போம்.

பிம்


தகாஒகா
13 பிப்ரவரி 2002
விரைவுத் தபால்

அடி பொய்க்காரி,

ப்ளோயின் டயப்பரைக் கழற்றியவள் நான். அது வெளியே சொதசொதவென்று நனைந்திருந்தது, உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. மழையில் பிடித்த குடை மாதிரி. பிள்ளை வளர்த்தவளுக்கு இதுகூடவா தெரியாது?

நீங்கள் போனதும் அப்பாவிடம் கேட்டேன். "குழந்தை நனைச்சிட்டாளாமே?" தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமா, பெரிய குழந்தை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து நாக்குக் குழற, "நம்ம பொண்ணு நல்லாப் பொய் சொல்லுது. உன்னமாதிரியே" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். வீடு குளிர் என்று நான் எழுதியது பொய். அக்டோபரில் அவர் விழுந்தார். அதிலிருந்து இரவில் படுக்கை நனைகிறது, சில நாள் பகலிலும். உன் கணவர் முன்னால் இவருக்கு அந்தத் தலைகுனிவு வேண்டாமென்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் நீ சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வேலை செய்ய வந்துவிடுவாய். ஊர் பார்க்க வந்த பெண்ணுக்கு அது எதற்கு? அதனால் மரியாதைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒளிவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. உன்னைக் கட்டிக்கொண்டால் அங்கேயே அழுதுவிடுவேன் என்றுதான் குனிந்தேன்.

குழந்தையின் டயப்பரை நினைத்து நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாய். இவருடையதை நினைத்து நான். நல்ல தாயும் மகளும்!

ஆனால் ஒன்று. ஒன்றும் அறியாத பிள்ளை மேல் பழியைப் போட்டு அழ வைத்தாயே, அதற்கு உன்னை நேரில் வைத்துத் திட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை வண்டி ஏறு. இரண்டு இரவு இங்கேதான். விடுதி கிடையாது. எது நனைந்தாலும் நனையட்டும், துவைப்பதற்கு இயந்திரம் இருக்கிறது. என்னோடு சேர்ந்து இவரைத் தூக்கிக் குளிப்பாட்டவும் ஒரு கை வேண்டும். உன் கணவரைக் கேட்டுச் சொல். இல்லை, கேட்காதே, கூட்டிக்கொண்டு வா.

தொலைபேசியில் கூப்பிடாதே. அதைக் காதில் வைத்தாலே என் குரல் தானாக மரியாதைக்கு மாறிவிடும்.

அம்மா


கியோத்தோ
14 பிப்ரவரி 2002

அம்மா,

உன் கடிதத்தை விடுதிக் கூடத்தில் நின்றபடியே படித்துச் சத்தமாக அழுதுவிட்டேன். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து அந்த வரவேற்பாளர் எனக்கு நாற்காலி போட்டார்.

தனவத்திடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். மீதிக் கோயில்களை அடுத்த பிறவியில் பார்த்துக்கொள்வாராம். "எங்க தாத்தாவ மூணு வருஷம் குளிப்பாட்டுனவன் நான், என்கிட்ட சொல்றதுக்கு இவ்வளவு யோசனையா?" என்று என்னையும் திட்டினார். திட்டு வாங்குவதற்கு இது நல்ல வாரம்.

நாளைக் காலை முதல் வண்டி. நிலையத்துக்கு வராதே, பனியில் வழுக்கும். எனக்கு வழி தெரியும்.

இந்தக் கடிதத்தை இப்போது தபாலில் போட்டாலும் எங்களுக்குப் பிறகுதான் வந்து சேரும். நீங்கள் இருவரும் உள்ளே இருங்கள். தபால்காரர் மணி அடித்தால் நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

பிம்