இரண்டாவது விளக்கு

மதுரை,
11.2.2009

அன்பும் பாசமும் உள்ள தாவூது அண்ணனுக்கு, தங்கை சைனப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை. உங்கள் மச்சான் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பதறாதீர்கள், உயிருக்கு ஒன்றும் இல்லை. பேசுகிறார், கஞ்சி குடிக்கிறார், என்னை அதட்டவும் செய்கிறார். போன சனிக்கிழமை ஷெட்டில் வலது கையில் கரண்ட் அடித்துவிட்டது. நேற்று இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்ற விரல்கள் மடங்குமா என்பது புண் ஆறிய பிறகுதான் தெரியுமாம்.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கோபப்படுவீர்கள். வீட்டில் இருப்பது ஒரே செல்போன். நீங்கள் வெள்ளிக்கிழமை கூப்பிட்டால் முதலில் ஓடிப்போய் எடுப்பவள் உங்கள் மருமகள் சுஃபியாதான். அவள் இல்லாத நேரமாகப் பார்த்து நான் கூப்பிட்டிருந்தாலும் உங்கள் குரலைக் கேட்டதும் அழுதிருப்பேனே தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்க மாட்டேன். பக்கத்து வீட்டு ஜைலானி நாளை சார்ஜாவுக்குத் திரும்புகிறார். உங்கள் ரூமைத் தேடிவந்து கையில் கொடுப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார். முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் போனைத் தொடுங்கள் அண்ணே.

நோன்பு மாதத்தில் நீங்கள் அனுப்பிய மஞ்சள் நிற பேட்டரி விளக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் யார்டில் கப்பல் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் கையில் வயர் விளக்கைக் கொடுக்கவே மாட்டார்கள் என்று சொல்லி, மச்சானும் தண்ணீர் லாரிக்குள் வெல்டிங் வைக்க இறங்குகிற ஆள்தானே என்று ஒன்று வாங்கி அனுப்பினீர்கள். அந்த மனுஷருக்கு அதைக் கண்டு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! பின்னால் இருக்கிற காந்தத்தை லாரித் தொட்டியின் சுவரில் ஒட்டிவிட்டு இரண்டு கையாலும் வேலை செய்ய முடிகிறது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். ஷெட் ஓனர் விருமாண்டி அண்ணன், "மின்ஹாசு, சூரியனையே கழட்டிட்டு வந்து மாட்டிட்டியேப்பா" என்று கேலி செய்வாராம். ஒரு மாதம் அப்படிப் போனது.

அதற்குள் இங்கே கரண்ட் கட் பெரிய தொல்லையாகிவிட்டது. பகலில் சொல்லிவிட்டுப் பிடுங்குகிறார்கள், சாயந்தரம் சொல்லாமல் பிடுங்குகிறார்கள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? சுஃபியா மெழுகுவத்தி வைத்துப் படித்தாள். ஒருநாள் மஃரிபு தொழுகைக்கு அப்புறம் நான் அடுப்படியில் இருந்தபோது கருகல் வாசம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், புத்தகத்தில் கவிழ்ந்து தூங்கிப்போயிருக்கிறாள், தாவணி நுனி புகைந்துகொண்டிருக்கிறது. கையால் அடித்தே அணைத்துவிட்டேன். அவர் வந்து அந்தத் தாவணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். அன்று ராத்திரி சோறு சாப்பிடவில்லை.

மறுநாள் உங்கள் விளக்கை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, வந்த அட்டைப் பெட்டியிலேயே வைத்துக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். மாமா அவளுக்கென்று இன்னொன்று அனுப்பியிருக்கிறார் என்றார். நான் வாயைத் திறக்குமுன் என்னை ஒரு முறை முறைத்தார். பிள்ளை தூங்கியதும் சண்டை போட்டேன் அண்ணே. டேங்கர்கள் பகல் முழுக்கத் தண்ணீர் ஓட்டிவிட்டுச் சாயந்தரம்தான் ஒழுக்கு அடைக்க ஷெட்டுக்கு வரும். அவருக்கு வெளிச்சம் தேவைப்படுவதும் அவள் படிப்பதும் ஒரே நேரம். டவுன்ஹால் ரோட்டில் எமர்ஜென்சி லைட் வாங்கலாம் என்றால் ஊரே அங்கே நிற்கிறது, வந்த அன்றே தீர்ந்துவிடுகிறது. எப்படியோ ஒன்று வாங்கிவந்தோம், அது இரண்டே வாரத்தில் கண்ணை மூடிவிட்டது. அப்போது உங்களிடமே இன்னொன்று கேட்கலாமே என்றேன். அதற்கு அவர், "மச்சான் ஒருதடவ குடுத்துட்டாருன்னு தோள்ல ஏறி உக்காரச் சொல்றியா? பரீட்ச முடியிற வரைக்கும்தானே" என்றார். ரோசத்தில் மட்டும் நம்மூர் ஆம்பிளைகளுக்குக் குறைச்சலே கிடையாது.

நீங்கள் போனில், லைட் எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். விளக்கு நன்றாகத்தான் இருந்தது, இருந்த இடம்தான் வேறு. சுஃபியா உங்களுக்கு நன்றி சொல்ல வந்தபோதெல்லாம் போனைப் பிடுங்கிக்கொண்டேன். அம்மாவுக்குத் தன் அண்ணனிடம் பேச இம்புட்டு அவசரமா என்று கேலி செய்வாள்.

இவர் பழைய வயர் விளக்குக்கே திரும்பினார். மரக்கைப்பிடி, கம்பிக்கூண்டு, குண்டு பல்பு, டேப் சுற்றிச் சுற்றிப் பாதி டேப்பாகவே ஆகிவிட்ட வயர். அதைக்கூடச் சமாளித்திருப்பார் அண்ணே. அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. குடிதண்ணீர் லாரி என்றால் உள்ளே செருப்போ பூட்ஸோ போட்டுக்கொண்டு யாரும் இறங்க மாட்டார்கள். நாலு தெரு சனம் குடிக்கிற தண்ணீர், அதில் செருப்புக்காலோடு நிற்கலாமா என்பார்கள். கால் கழுவிவிட்டுத்தான் ஏணியில் ஏறுவார்கள். உங்கள் மச்சான் அதில் மற்றவர்களைவிட ஒரு படி மேல், தொழுகைக்கு உளூச் செய்கிற மாதிரி கணுக்கால்வரை கழுவுவார். சனிக்கிழமையும் அப்படித்தான் இறங்கியிருக்கிறார். அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றிருக்கிறது. டேப் விட்டுப்போன இடத்தில் கை பட்டதும் விளக்கு அவரை விடவில்லை. வெளியே நின்ற ஹெல்பர் கருப்பு, உள்ளே தகரம் அதிர்கிற சத்தம் கேட்டு ஓடிப்போய் ஜெனரேட்டர் வயரைப் பிடுங்கியிருக்கிறார். அந்தக் கருப்பு மட்டும் டீ குடிக்கப் போயிருந்தால் நான் இன்று அவரை இழந்து இத்தாவில் உட்கார்ந்திருப்பேன். அவர் பிள்ளைகுட்டிகளை அல்லாஹ் நன்றாக வைக்கட்டும்.

மயக்கம் தெளிந்து அவர் முதலில் கேட்டது கையைப் பற்றி இல்லை. "சுபியாட்ட லைட்டப் பத்தி மூச்சு விட்றாத. வெல்டிங் மிஷின்ல அடிச்சிருச்சுன்னு சொல்லு" என்றார். அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன். ஷெட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் திங்கட்கிழமை கருப்பு பார்க்க வந்தவர், கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் தாங்க முடியாமல், "அந்த மஞ்ச லைட்டு மட்டும் இருந்திருந்தா அண்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டார். நல்ல வேளை, சுஃபியா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போயிருந்தாள்.

அவள் இப்போதே பரீட்சை எழுத மாட்டேன், அத்தா பக்கத்தில் இருக்கிறேன் என்று அழுகிறாள். நேற்றுதான் அவர் இடது கையால் அவள் தலையைத் தடவி, பசுமலைக் காலேஜில் உன்னைச் சேர்க்கிற அன்றைக்கு இந்தக் கை தன்னால் சரியாகிவிடும் என்று சொல்லிப் புத்தகத்தை எடுக்க வைத்தார். ராத்திரி அந்த விளக்கைப் போட்டுக்கொண்டு வீட்டில் படித்தாள். அந்த வெளிச்சத்தை என்னால் பார்க்க முடியவில்லை அண்ணே. வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். அணைத்துவிடு என்று சொல்லவும் வாய் வரவில்லை. எந்த வெளிச்சத்தில் படிக்கிறோம் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை இந்த மார்ச்சில் மட்டும் இல்லை, இனி எப்போதும் புத்தகத்தைத் தொட மாட்டாள். அவள் குணம் உங்களுக்குத் தெரியும், எதையும் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிற பிள்ளை.

அதனால்தான் இந்தக் கடிதம். வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது அவள் விளக்கைப் பற்றிப் பேசினால், ஆமாம், இரண்டு அனுப்பினேன், உனக்கு ஒன்று, அத்தாவுக்கு ஒன்று என்று சொல்லுங்கள். பொய்தான். அந்தப் பாவம் என் கணக்கில் இருக்கட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன், தட்டாதீர்கள். பரீட்சை முடிந்ததும் ஷெட்டுக்குப் போய் அத்தாவின் சட்டை, டிபன் பாக்ஸ், அவருடைய லைட், எல்லாவற்றையும் தானே எடுத்து வருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். விருமாண்டி அண்ணன் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார் என்று இப்போதைக்குச் சொல்லியிருக்கிறேன். மார்ச் கடைசிக்குள் ஊருக்கு வருகிற யாரிடமாவது அதே மாதிரி மஞ்சள் விளக்கு ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் புதிது வேண்டாம் அண்ணே. உங்கள் யார்டில் யாராவது புழங்கித் தேய்ந்தது இருந்தால் கேட்டு வாங்குங்கள். கிரீஸ் அப்பியிருக்கட்டும், ஒரு மூலை உடைந்திருந்தாலும் பரவாயில்லை. துடைக்காமல் அப்படியே அனுப்புங்கள். இத்தனை நாளும் அவள் அத்தாவின் கையில் அது இருந்தது என்று அவள் நம்ப வேண்டும்.

ஐந்து வேளையும் அவருக்காகத் துஆ செய்யுங்கள். உங்கள் இரண்டு கைகளையும் பத்து விரல்களையும் அல்லாஹ் பத்திரமாகக் காத்துத் தரட்டும்.

உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும் தங்கை,
சைனப்