உன் கை படாத கோலம்

தங்கச்சிக்கு,

காலையில் உன்னைத் திட்டத்தான் வந்தேன்.

வாரம் ஒரு நாள் லீவு கிடைக்கும்வரை எந்த வீட்டு வேலைக்கும் போவதில்லை, யார் வாசலிலும் கோலம் போடுவதில்லை என்று சங்கத்தில் முடிவானபோது முதலில் கை தூக்கியவள் நீ. இன்று தெரு முழுக்க வாசல்கள் வெறுமையாகக் கிடந்தன. நீ தங்கி வேலை பார்க்கும் வீட்டில் மட்டும் கோலம்.

"பாத்தியாக்கா, பரளச்சிக்காரி நம்மள வித்துட்டா" என்றாள் நம் சங்கத்து அழகுத்தாய், உன் ஊரைச் சொல்லி. நானும் மறுக்கவில்லை. உன்னைக் கூப்பிட்டேன். உன் போனை யாரோ எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள்.

கேட்டுக்கு வந்து பார்த்தால், புள்ளிகள் கோணல்மாணலாக இருந்தன. கோடு அங்கங்கே அறுந்திருந்தது. நீ கையெடுக்காமல் ஒரே இழுப்பில் முடிப்பவள். யாருடைய கை இது?

"அவ ஊருக்குப் போயிட்டா. பஸ் ஏத்தி விட்டாச்சு" என்றார் வீட்டுக்கார அம்மா, கேட்டைத் திறக்காமலே. அவர் விரல்களில் கோலமாவு ஒட்டியிருந்தது. உன் செருப்பு குழாயடியில் கிடந்தது.

நீ செருப்பில்லாமலா பஸ் ஏறினாய்?

நாம் வாட்ஸ்அப் குரூப்பில் பேசுவதெல்லாம் வீட்டுக்காரர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று இப்போது புரிகிறது; உன் போன் அவர்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் தாளில் எழுதி, கேட்டில் தொங்கும் பால் பைக்குள் வைக்கிறேன். நீ எடுத்தால் தைரியமாக இரு. அந்த அம்மா எடுத்தால் அவரும் படிக்கட்டும்.

நாளை விடிந்ததும் சங்கம் மொத்தமும் அந்த வாசலுக்கு வருகிறது. அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு நீ வெளியே வரும்வரை ஒருத்தியும் நகர மாட்டாள்.

உன்னைச் சந்தேகப்பட்ட
அக்கா