குசினிப் பாஷை என்றாயாமே

சேசு மரி சூசை

தங்காக் ரப்பர் எஸ்டேட், மலாய்ச் சீமை,
9 ஆகஸ்டு 1926

மகன் மைக்கலுக்கு அப்பா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் அம்மா சூசையம்மாளும் உடம்பளவில் சுகம், மனசளவில் இல்லை. நீயும் மருமகள் டோரிஸும் பேத்தி ரோசலினும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். இங்கே ஆறு நாளாக மழை, ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்றுகிடக்கிறது. வேலை இல்லாத துரைக்குத் தினமும் விருந்து, அதனால் பங்களாக் குசினியில் அடுப்பை விட்டு நகர எனக்கு நேரமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. ஆனால் இதைச் சொல்ல நான் உட்காரவில்லை.

டோரிஸ் உனக்குத் தெரியாமல் இங்கிலீஷில் எழுதின கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது, எஸ்டேட் கணக்கு எழுதுகிற கிராணி ரோலண்ட் வாசித்துச் சொன்னார். கேப் டவுனில் புதுத் தெருவுக்குக் குடிபோனாயாம், அங்கே எல்லாரும் இங்கிலீஷ் பேசுகிறவர்களாம், அதனால் உன் மாமியார் சாராவை வீட்டுப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாயாம். அந்த அம்மாள் பேசுகிற ஆப்பிரிக்கான்ஸ் குசினிப் பாஷையாம், பிள்ளை வாயில் ஒட்டிக்கொள்ளுமாம். அதில் பேசினதற்கு ஆறு வயசுப் பிள்ளையைப் பிரம்பால் அடித்தாயாம். ரோலண்ட் என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார். நிறுத்தாதீங்க தம்பி, முழுசும் படிங்க என்றேன்.

குசினியில் என்னடா குறை கண்டாய்? முப்பத்தொரு வருஷமாக அங்கேதான் நிற்கிறேன். நீ தையல் பழகினதும் சிங்கப்பூரில் கப்பல் ஏறினதும் அந்த அடுப்பை நம்பித்தான். அந்தப் பாஷை வந்த கதையை எங்களுக்கு எழுதினவனே நீதான், மறந்துபோச்சா? ஒல்லாந்தர்கள் கேப்பில் இறங்கி, இந்த மலாய்த் தீவுகளிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் சனங்களை அடிமையாக ஏற்றிப்போனார்கள், அந்த மண்ணிலே பிறந்த சனங்களும் சேர, ஒல்லாந்தர் பேச்சு இத்தனை பேர் வாயிலும் உருண்டு வேறு பாஷையானது என்று எழுதினாய். கேப் தொடங்கி ஆரஞ்சு ஆற்றுக்கு அப்பால், ஜெர்மன்காரன் விட்டுப்போன தென்மேற்குச் சீமை வரை வெள்ளையரும் கறுப்பரும் அதைப் பேசுகிறார்கள் என்றாய். வாழைப்பழம் அங்கேயும் பீசாங், தட்டு பீரிங் என்று வாசித்து நானும் அம்மாவும் எவ்வளவு சிரித்தோம். சீனத் தோட்டக்காரனும் ஜாவாக்கார ஆயாவும் நானும் இங்கே பேசிக்கொள்கிற மலாய்தானே அது. பிள்ளையை அடித்தாயே, அந்தப் பிரம்புக்கும் ரோத்தாங் என்றுதானே அங்கே பெயர். போன வருஷம் அந்த நாட்டுச் சட்டசபையே அதை அரசாங்க பாஷையாக ஒப்புக்கொண்டது. வெள்ளைக்காரன் இது எங்கள் பாஷை என்று நெஞ்சைத் தட்டுகிறான். அதை உண்டாக்கின சனத்தின் வழிவந்த ஒருத்தியை நீ வாசலோடு விரட்டுகிறாய். உனக்கு வெட்கமாக இல்லையா?

அதே கடிதத்தில் இன்னொன்றும் கேள்விப்பட்டேன். பக்கத்து வீட்டாரிடம் உன் அப்பா எஸ்டேட் கிராணி என்று சொல்லி வைத்திருக்கிறாயாமே. அதைக் கேட்டு உன் அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சாரா யார் யார் வீட்டிலோ சமைத்து மகளைப் படிக்கவைத்து உனக்குக் கட்டிக்கொடுத்தாள். நானும் சமைத்துத்தான் உன்னை வளர்த்தேன். அவளை விரட்டினவன் என்னையும் விரட்டினவன்தான். நாளைக்கு நான் கப்பலேறி வந்தால் பின்வாசல் வழியாகத்தான் கூப்பிடுவாயா?

இது கிடைத்த அன்றே போய் அந்த அம்மாளைக் கையோடு கூட்டி வா. முன்வாசல் வழியாக வரட்டும், பேத்தியோடு அவள் பாஷையில் அவள் பேசட்டும். எனக்கு எழுதினதற்காக டோரிஸை ஒரு வார்த்தை சொன்னாய் என்று தெரிந்தால் நீ எனக்கு மகனே இல்லை. ரோசலினுக்கு அம்மா ஆசீர்வாதமும் முத்தமும் சொல்லச் சொன்னாள். ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. தேவமாதா உங்கள் எல்லாரையும் காப்பாற்றட்டும், உனக்குக் கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும். உறையின் மேல் அனுப்புகிறவன் பெயரையும் தொழிலையும் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் ரோலண்டைக் கொண்டு எழுத வைத்திருக்கிறேன். உங்கள் தெருத் தபால்காரன் முதல் பக்கத்து வீட்டார் வரை எல்லாரும் வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
குசினிக்காரன் அருளப்பன்,
மைக்கலின் தகப்பன்.