பள்ளத்து மூலை

கோட்டைமேடு, கோவை
12.6.1994

அன்பு மோகன்,

இங்கு அனைவரும் நலம். கடுதாசி போடக்கூட உனக்குக் கை வலிக்கிறதா?

உங்கப்பா மூடிய மில் இடத்தை அளந்துவிட்டேன். மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பதினெட்டு அடி இறக்கம். ரோட்டோரம் கடைகள், பின்னால் படிப்படியாக நாற்பது வீடுகள் என்று வரைபடம் போடுகிறேன். பள்ளத்து மூலையில் தரை உள்வாங்கியிருக்கிறது. பழைய கிணறோ? தூர்வாரினால் மழைத்தண்ணீரை அதிலேயே சேர்க்கலாம்.

வாட்ச்மேன் பங்காரு, “ஏனுங்க, அந்தப் பக்கம் போவாதீங்க. மத்தியானம் மூணு மணிக்கு மில்லுச் சங்கு கேக்குதுங்க” என்கிறார். அந்தச் சங்குக்கு வேலைக்குப் போன என்னைப் பெற்ற அத்தாதான் பதினாறு வருடமாகத் திரும்பவில்லை.

உன் அனீஸ்

உடுமலைப்பேட்டை
20.6.1994

அன்பு அனீஸ்,

அங்கே கிணறே கிடையாது. மண் கொட்டிக் கடை கட்டிவிடு. பங்காரு பேச்சைக் கேட்டால் வேலை ஆனாப்லதான்! “அனீஸ் கண்ணு சாப்பிட வரட்டும்” என்று அம்மா தினமும் சொல்கிறார்.

மோகன்குமார்

கோவை
2.7.1994

மோகன்,

நேற்றைய மழை முழுக்க அந்த மூலைக்குப் போய் ஒரு மணி நேரத்தில் மறைந்தது. தோண்டினேன். செங்கல் விளிம்பு தெரிகிறது. “உங்க ஊட்டுக்காரர் கேரளாவுக்கு ஓடிட்டாருங்க” என்று உங்கப்பா சொன்னதை நம்பி என் அம்மா இன்னும் கருகமணித் தாலியைக் கழற்றாமல் காத்திருக்கிறார். 11ஆம் தேதி திங்கட்கிழமை ஆட்கள் இறங்குகிறார்கள். வேண்டாமென்றால் காரணம் எழுது.

அனீஸ்

உடுமலைப்பேட்டை
5.7.1994

அனீஸ்,

தோண்டு.

கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்க இறங்கிய உன் அத்தா மேல் மண் சரிந்ததாம். மில்லை மூடிவிடுவார்கள் என்று பயந்து, மறுநாளே அப்பா லாரியில் மண் கொட்டினார். சாகும்போது என்னிடம் சொன்னார். இந்த வேலையை உனக்குக் கொடுத்தால் பாவம் கழியும் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லத் துணிவில்லை. என்னை மன்னித்துவிடு.

மோகன்

கோவை
9.8.1994

மோகன்குமார் அவர்களுக்கு,

போலீஸ் விசாரணை முடிந்து அத்தாவை அடக்கம் செய்தோம். கணவர் இறந்தால் மனைவி தனித்திருக்கும் இத்தாக் காலம் என்றோ கடந்துவிட்டது, இனி இருக்க வேண்டியதில்லை என்றார் பள்ளிவாசல் ஹஸ்ரத். “அவருக்கு நான் இருக்காம வேற யாருங்க இருப்பா?” என்று கேட்டுவிட்டு, அம்மா வெள்ளைச் சேலை கட்டி உள்ளறையில் உட்கார்ந்துவிட்டார். நான்கு மாதம் பத்து நாள்.

வரைபடங்கள் இத்துடன் உள்ளன. வேறு ஆளை வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீர் வீடுகளுக்கு வேண்டாம், அதன் மேல் கட்டடமும் வேண்டாம். உங்கள் அம்மா போட்ட சோற்றை மறக்கமாட்டேன். ஆனால் இந்த வீட்டுக்கு நீங்கள் வர வேண்டாம்.

பங்காருவுக்கு இப்போது சங்குச் சத்தம் கேட்பதில்லையாம். எனக்குத் தினமும் மூன்று மணிக்குக் கேட்கிறது.

ந. அனீஸ்