டயர் நாற்றம் அடித்த பெப்பர்மின்ட்

ஜூன் 3, செவ்வாய்

மருமகள் ரூபீனா ஒரு பெப்பர்மின்ட் எசென்ஸ் பாட்டிலோடு வந்தாள். மோந்து பார்த்தேன். ஆஸ்பத்திரித் தரை துடைக்கிற வாசனை. கொதிக்கும் மிட்டாய்ப் பாகில் விட்டால் அதிலுள்ள ஸ்பிரிட்டோடு வாசனையும் போய்விடும்; மிச்சம் வெறும் கசப்பு. பெப்பர்மின்ட் எண்ணெய்தான் நிற்கும். யாரும் சொல்லித் தரவில்லை. ஆறு மாதம் பாகைக் கரியாக்கி நானே கற்றுக்கொண்டேன்.

"மாமா, எல்லாரும் இதான் ஊத்துறாங்க."

ஊற்றட்டும். என் மனைவி அஸ்மத் வாயில் அது போகாது. கீமோ ஏறியதிலிருந்து அவளுக்குச் சோறு, தண்ணீர், எல்லாமே இரும்புத் துரு. என் மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால்தான் நாலு வாய் கஞ்சி இறங்குகிறது.

ஜூன் 5

எண்ணெய் தீர்ந்தது. தி. நகரில் பஞ்சாட்சரம் கடையில் புது பாட்டில். மூடி சொத்தை, திருகினால் வழுக்குகிறது. ரப்பர் குமிழ் வைத்த மருந்து ஃபில்லரையே பாட்டில் வாயில் செருகிவிட்டேன். மூடியும் ஆயிற்று, சொட்டு அளக்கவும் ஆயிற்று. இந்த யோசனை கடைக்காரனுக்கு வருமா?

ஜூன் 16

புதிதாகச் செய்த மிட்டாயை அஸ்மத் துப்பினாள். கைக்குட்டையில், என் கண்ணெதிரே.

"இன்னாங்க இது, டயர் நாத்தம்!"

மருந்து உன் நாக்கைக் கெடுத்திருக்கிறது என்றேன்.

"இரும்பு வேற, டயர் வேற. எனக்குத் தெரியாதா?"

கஞ்சி அப்படியே கிடந்தது.

ஜூன் 17

இன்றும் கஞ்சி தொடவில்லை. மிட்டாயை நான் வாயில் போட்டுப் பார்க்கவில்லை. எதற்கு? செய்தவன் நான்.

ஜூன் 18

ரூபீனா அஸ்மத்துக்கு எடை பார்த்தாள். எவ்வளவு என்று சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள்.

மாலையில் ஒன்றை வாயில் போட்டேன். த்தூ! சைக்கிள் ட்யூபை நக்கியது போல. டயரேதான். இதையா அவள் நாக்கின் மேல் போட்டேன்? கலப்படக்காரப் பசங்க — நாளைக்கு வச்சிருக்கேன் அந்தப் பஞ்சாட்சரத்துக்கு.

ஜூன் 19

கடையில் நாலு பேர் முன்னால் கத்தினேன். "நோயாளி வாயில டயரைக் கரைச்சு ஊத்துறியாடா?"

பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். "மெஹபூப் பாய், இன்னா இது, ரப்பர் இப்டி உப்பிக்கினு கீது? மின்ட் எண்ணெய் ரப்பரைத் துன்னுடும் பாய்."

குமிழைத் தொட்டேன். பிசின் மாதிரி விரலில் ஒட்டியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். உன் மூடி சரியில்லை என்றேன்.

"அத்த அன்னிக்கே சொல்லியிருந்தா மாத்திக் குட்த்திருப்பேன்ல?"

ஃபில்லரை வீட்டுக்கு வந்து குப்பையில் எறிந்தேன். மூன்று முறை சோப்புப் போட்டும் விரலில் அதே நாற்றம். சீ.

ஜூன் 20

காசு கொடுத்து வாங்கிய புது பாட்டில், கண்ணாடிக் குச்சி. பாகை இறக்கி, கொதி அடங்கியதும் நாலு சொட்டு. அஸ்மத் வாயில் அடக்கினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கஞ்சி கொண்டாங்க."

அரைக் கிண்ணம். கடைக்காரன் தப்பை ஒத்துக்கொண்டு பாட்டிலை மாற்றிக் கொடுத்தான் என்றேன்.

ஜூன் 21

அஸ்மத் பத்து மிட்டாயைக் காகிதத்தில் மடித்து நீட்டினாள். "கடைக்காரருக்கு. நீங்களே போய்க் குடுங்க."

எதற்கு என்றேன்.

"குப்பைல ஒரு ஃபில்லர் பார்த்தேன். பாவம், உப்பிப் போய்க் கீது."

சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். பஞ்சாட்சரம் ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடி, "டயர் கொஞ்சம் கம்மியா கீது பாய்" என்றான்.

வந்து அதை அப்படியே அஸ்மத்திடம் சொன்னேன். காலிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.